டிஏசி உள்ளேயே இருக்கற இன்டெக்ரேட்டட் ஆம்ப்: எலாக் பி6.2-க்கு எது எடுக்கலாம்?

வைகை_வால்யூம்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டே இருந்தேன், இப்பத்தான் கேள்வியோட வர்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

எலாக் டெப்யூ பி6.2 ஸ்பீக்கர் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜோடி நல்ல கண்டிஷன்ல கெடச்சுது. இப்போதைக்கு வீட்ல இருந்த பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர்ல மாட்டி ஓட்டிட்டு இருக்கேன், ஆனா அதுல லெஃப்ட் சேனல் விட்டு விட்டு வருது, தலைல ஒண்ணு தட்டுனா வருது, அப்பறம் மறுபடி போயிருது. அதனால அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டு ஸ்டீரியோ ஆம்ப் ஒண்ணு, டிஏசி (டிஜிட்டல் சிக்னல அனலாக்கா மாத்தற பகுதி) உள்ளயே இருக்கறதா வாங்கிரலாம்னு முடிவு. பட்ஜெட் அம்பதாயிரத்த சுத்தி, மனசு வந்தா கொஞ்சம் மேல.

ரூம் 12க்கு 11 அடி. மேல ஃபேன் எப்பவும் ஓடும் (மதுரைங்க, வேற வழியில்ல). சுவத்துக்கு அந்தப் பக்கம் ஹவுஸ் ஓனர், அதனால சத்தம் அளவாத்தான். கேக்கறது பாதி எண்பதுகளோட சினிமா பாட்டு, கொஞ்சம் கச்சேரி, ராத்திரில வீணை புல்லாங்குழல் மாதிரி. விண்டோஸ் லேப்டாப்ல ஆப்பிள் மியூசிக் லாஸ்லெஸ் (தரம் குறைக்காத ஃபைல்) ஓடும். டிவி சத்தமும் இதுலதான் வரணும்னு வீட்ல உத்தரவு. பின்னாடி டர்ன்டேபிள் ஒண்ணு வாங்கற ஆசையும் இருக்கு.

லிஸ்ட்ல இருக்கறது மராண்ட்ஸ் பிஎம்6007, டெனான் பிஎம்ஏ-600என்இ, யமஹா ஏ-எஸ்301, விம் ஆம்ப். கடைல ஒருத்தர் என்ன சொல்றாருன்னா ஈஎஸ்எஸ் கம்பெனியோட டிஏசி சிப் இருந்தா டீட்டெயில் ஜாஸ்தி ஆனா காது வலிக்கும், ஏகேஎம் சிப்னா பட்டு மாதிரி இருக்கும், அதனால சிப்ப பாத்து வாங்குங்கன்னு. இது எந்த அளவுக்கு நெசம்? 45 வாட்ஸ் பத்துமா, 60 வாட்ஸ் கட்டாயம் வேணுமா?

டெசிபல்_தேவி:

முதல்ல வாட்ஸ முடிச்சிருவோம், அது கணக்குதான்.

பி6.2க்கு சென்சிட்டிவிட்டி 87 டிபி, 6 ஓம்ஸ். 2.83 வோல்ட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 87 டிபி வரும்னு அர்த்தம். உங்க ரூம்ல ரெண்டரை மீட்டர் தள்ளி உக்காருவீங்கன்னு வெச்சுக்கங்க. திறந்தவெளியா இருந்தா 8 டிபி குறையும், மூடின ரூம்ங்கறதால அவ்வளவு குறையாது, ரெண்டு ஸ்பீக்கர் சேந்து பாடறதால 3 டிபி திரும்பி வரும். ஆக ஒண்ணு ஒண்ணரை வாட்லயே 84 டிபி கிட்ட வந்துருவீங்க. அது ஏற்கனவே ஹவுஸ் ஓனர் கதவத் தட்டற சத்தம். 40 வாட்ஸ் வரைக்கும் ஏத்தினா இன்னும் ஒரு 15 டிபி. கச்சேரில மிருதங்கத்தோட ஒரு அடிக்கு, ஒரு நொடிக்கும் கம்மியான பீக்குக்கு, அது தாராளம்.

45க்கும் 60க்கும் எவ்வளவு வித்தியாசம்னா ஒண்ணேகால் டிபி. அவ்வளவுதான். வாட்ஸ் ரெட்டிப்பானாத்தான் 3 டிபி, சத்தம் ரெண்டு மடங்கா இருக்கற மாதிரி காதுக்குத் தோணணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். 45, 60ன்னு மண்டைய ஒடச்சிக்கறத இன்னைக்கே விட்ருங்க.

அடுத்து சிப். சிடி 16 பிட், அதோட டைனமிக் ரேஞ்ச் (ரொம்ப சின்ன சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) 96 டிபி. பிஎம்6007ல இருக்கற ஏகே4490 சிப்போட டேட்டாஷீட் 120 டிபி சொல்லுது. ஆனா இந்த விலைல அந்த சிப்புக்குப் பின்னாடி வர்ற ஆம்ப்ளிஃபயர் பகுதி எல்லாமே கிட்டத்தட்ட 100, 105ல நின்னுரும். அதுக்கப்பறம் உங்க ரூம்ல ஃபேன் வேற. இத்தன தடைய தாண்டி வந்து சிப்போட கம்பெனிப் பேர காது கண்டுபிடிக்குதுன்னு யாராவது சொன்னா, எது ஓடுதுன்னு சொல்லாம, ரெண்டு பக்கமும் வால்யூம வோல்ட்மீட்டர் வெச்சு சமமாக்கி, மாத்தி மாத்தி போட்டு கேக்கச் சொல்லுங்க. அரை டிபி கூட இருந்தாலே அது நல்லா இருக்குன்னு தோணும், அதுதான் கடைல நடக்கறது.

இப்ப உண்மையான பிரச்சனைக்கு வர்றேன். நீங்க போட்ட நாலு மாடல்லயும் லேப்டாப்ப யூஎஸ்பி கேபிள்ல நேரா மாட்டி டிஏசியா பயன்படுத்தற வசதி இல்ல. அத கவனிச்சீங்களா? பிஎம்6007ல ரெண்டு ஆப்டிக்கல் (வெளிச்சமா வர்ற டிஜிட்டல் இன்புட்), ஒரு கோஆக்சியல் (அதே டிஜிட்டல், ஆனா கம்பில வர்றது). 600என்இலயும் அப்படியேதான், கூட ப்ளூடூத். ஏ-எஸ்301ல ஒரு ஆப்டிக்கல், ஒரு கோஆக்சியல். விம் ஆம்ப்ல இருக்கற யூஎஸ்பி பென்டிரைவ் மாட்டறதுக்கு. டிஏசி இருக்குங்கறதும் யூஎஸ்பி இருக்குங்கறதும் ஒண்ணு இல்ல. யூஎஸ்பி வேணும்னா கேம்பிரிட்ஜ் சிஎக்ஸ்ஏ61, யமஹா ஏ-எஸ்801 மாதிரி ஒரு படி மேல போகணும், பட்ஜெட்டும் கூடவே ஏறும்.

ரிச்சி_தெரு_ரிப்பேர்:

தேவிம்மா சொன்னதுல எனக்கு சண்டை ஒண்ணும் இல்ல. நான் சர்வீஸ் பெஞ்ச் பக்கத்துல இருந்து சொல்றேன் தம்பி.

ஆம்ப் ஏன் எங்கிட்ட வருதுன்னா முக்காவாசி மூணே காரணம். சூடு, கரண்ட்டு, பல்லி. சிரிக்காதீங்க, மேல இருக்கற காத்து ஓட்டை வழியா பல்லி உள்ள எறங்கி அவுட்புட் போர்டுல குறுக்க விழுந்தா அதுவும் காலி போர்டும் காலி. ஷோகேஸ் உள்ள, மேல செட்டாப் பாக்ஸ் வெச்சு, அது மேல ஒரு துணிய மடிச்சுப் போட்டு வெக்கறவங்கதான் அதிகம், அந்த சூட்டுல உள்ள இருக்கற எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் சீக்கிரமே காஞ்சு போகும். மேல அரை அடியாவது விடுங்க. கரண்ட்டு போனா இன்வர்ட்டர்ல ஓட்டறதா இருந்தா பியூர் சைன் வேவ் இன்வர்ட்டரா பாருங்க, ஸ்கொயர் வேவ்ல டிரான்ஸ்ஃபார்மர் கொர்ருனு உறுமும், ஸ்பீக்கர்லயும் அந்த சத்தம் வரும்.

மராண்ட்ஸ், டெனான், யமஹா மூணும் பழைய பாணி கிளாஸ் ஏபி, உள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட்ல தனித்தனி டிரான்சிஸ்டர். போனா மாத்தலாம், எந்த ஊர்லயும் கை வெக்க ஒருத்தர் இருப்பார். விம் ஆம்ப் கிளாஸ் டி, டிபிஏ3255ன்னு ஒரே சிப்புல ரெண்டு சேனலும். சத்தம் நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன், சூடும் கம்மி. ஆனா போச்சுன்னா போர்டையே மாத்தணும்.

டிஜிட்டல் பகுதி மூணுலயும் சின்ன போர்டுதான், அதுல சிப்பு போனா சிப்ப மட்டும் தேடி மாத்தறது நடக்கற காரியம் இல்ல. 2020 அக்டோபர்ல ஜப்பான்ல நோபியோக்காங்கற ஊர்ல ஏகேஎம் ஃபேக்டரி தீப்பிடிச்சு எரிஞ்சுது. அதுக்கப்பறம் ஏகேஎம் சிப்பு போட்டு வித்துட்டிருந்த எத்தனையோ கம்பெனி அதே பேர்ல அதே டப்பாவ ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாத்தி டிசைன் பண்ணி வித்தாங்க. வாங்கினவங்க பல பேருக்கு அது தெரியக்கூட தெரியாது, சத்தம் மாறிருச்சுன்னு எங்கிட்ட யாரும் தூக்கிட்டு வரல. கடைக்காரர்கிட்ட இத சொல்லிப் பாருங்க.

வைகை_வால்யூம்:

தேவி மேடம், யூஎஸ்பி இல்லங்கறத நெசமாவே கவனிக்கல, நன்றி. அப்ப லேப்டாப்புக்கு என்ன பண்றது? ஹெட்ஃபோன் ஓட்டைல இருந்து ஆம்ப்புக்கு வயர் போட்டா உள்ள இருக்கற டிஏசிக்கு வேலையே இல்லாம போயிருமே? ப்ளூடூத்னா லாஸ்லெஸ் போச்சு. இப்பவே லேப்டாப்புக்கு சார்ஜர மாட்டினா ஸ்பீக்கர்ல ஒரு ரீங்காரம் வருது, கழட்டினா போயிருது.

அண்ணாச்சி, பல்லி மேட்டர் பயமா இருக்கு, எங்க வீட்ல ஒரு குடும்பமே இருக்கு.

தனித்தனி_கட்சி:

அதுக்குத்தான் இந்த டிஏசி உள்ள வெச்ச ஆம்ப்பே வேணாங்கறேன். ஆம்ப் ஒண்ணு, டிஏசி ஒண்ணுன்னு தனியா வாங்குங்க.

யோசிச்சுப் பாருங்க. என்ஏடி 3020ன்னு ஒரு ஆம்ப், 1978ல வந்தது, பேப்பர்ல வெறும் 20 வாட்ஸ். இன்னைக்கும் கெப்பாசிட்டர் மாத்தி ஓட்டறவங்க இருக்காங்க, ஏன்னா பின்னாடி இருக்கற ஆர்சிஏ (அனலாக் வயர் சொருகற) ஓட்டை அன்னைக்கும் அதேதான் இன்னைக்கும் அதேதான். அதே பேர வெச்சு 2013ல டி 3020ன்னு டிஏசியோட கொண்டு வந்தாங்க, யூஎஸ்பி இருந்துச்சு. அடுத்த வெர்ஷன்ல யூஎஸ்பிய எடுத்துட்டு டர்ன்டேபிளுக்கு ஃபோனோ இன்புட் குடுத்தாங்க. அதே பேர்ல சில வருஷத்துக்குள்ள இவ்வளவு மாத்தம். ஆம்ப் இருபது வருஷம் ஓடும், டிஜிட்டல் இன்புட் அஞ்சு வருஷத்துல பழசாயிரும். ரெண்டையும் ஒரே டப்பால போட்டு பூட்டினா நட்டம் உங்களுக்குத்தான்.

சின்ன யூஎஸ்பி டிஏசி ஒண்ணு ஏழெட்டாயிரத்துக்கே அருமையா கெடைக்குது. எச்டிஎம்ஐ, ப்ளூடூத்னு நாளைக்கு என்ன வந்தாலும் அந்த சின்ன டப்பாவ மட்டும் மாத்திக்கலாம்.

டெசிபல்_தேவி:

கட்சிக்காரரே, பாதி ஒத்துக்கறேன். ஆனா அவரு கேக்கறது டிவியும் சேத்து. சின்ன டிஏசில பாதிக்கு ஆப்டிக்கல் இன்புட் இருக்காது, இருந்தாலும் டிவிக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல மாத்தறதுக்கு டிஏசில ஒரு பட்டன், ஆம்ப்ல ஒரு பட்டன், வீட்ல மத்தவங்க ஒரு வாரத்துல டிவியோட ஓட்டை ஸ்பீக்கருக்கே திரும்பிருவாங்க. அப்பறம் டிஜிட்டல் பழசாயிருங்கறது யூஎஸ்பிக்கும் ப்ளூடூத்துக்கும் சரி. ஆப்டிக்கல் சிடி ப்ளேயர் காலத்துல இருந்து அப்படியே இருக்கு, இன்னைக்கு விக்கற டிவிலயும் பெரும்பாலும் இருக்கு. அதோட, உள்ள இருக்கற டிஏசி பிடிக்கலன்னா அனலாக் இன்புட்ல வெளி டிஏசி மாட்டறத யாரும் தடுக்கப் போறதில்ல. 600என்இல டிஜிட்டல் பகுதிய மொத்தமா அணைச்சு வெக்க அனலாக் மோடே இருக்கு.

வைகை, அந்த ரீங்காரம் பெரும்பாலும் கிரவுண்ட் லூப். சார்ஜர் வழியா லேப்டாப்புக்கு ஒரு எர்த், ஆம்ப் பக்கம் இன்னொரு பாதை, நடுவுல ஆடியோ வயர் ரெண்டையும் இணைக்குது. ஆப்டிக்கல்ல போறது வெளிச்சம் மட்டும், கம்பியே இல்ல, அதனால லேப்டாப் பக்கத்து லூப் அங்கேயே அறுந்துரும். யூஎஸ்பில இருந்து ஆப்டிக்கலுக்கு மாத்தற சின்ன கன்வர்ட்டர் கெடைக்குது, அத லேப்டாப்ல மாட்டி அங்கிருந்து ஆம்ப்போட ஆப்டிக்கல் ஓட்டைக்கு வாங்க. விண்டோஸ் 10ல 2017ல வந்த 1703 வெர்ஷன்ல இருந்து யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2க்கு (யூஎஸ்பில சத்தம் அனுப்பற ஒரு ஸ்டாண்டர்டு) தனி டிரைவர் தேவையில்ல, மாட்டினா பேசும். ஆப்டிக்கல்ல 24/96 (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்) வரைக்கும் பிரச்சனையே இருக்காது, 192 சில கேபிள்ல திக்கும். எண்பதுகளோட பாட்டுக்கு 44.1 போதும், அந்த மாஸ்டர் டேப்போட இரைச்சலே அதுக்கு முன்னாடி வந்துரும்.

இதுல ஒரு கணக்கு பாத்துக்கங்க. டிவி ஆப்டிக்கல், லேப்டாப் ஆப்டிக்கல்னா ரெண்டு ஆப்டிக்கல் வேணும். யமஹால ஒண்ணுதான். அப்ப கோஆக்சியல் அவுட்புட்டும் இருக்கற கன்வர்ட்டரா பாக்கணும், ஆனா கோஆக்சியல் கம்பி, லூப் மறுபடி வர வாய்ப்பு உண்டு. மராண்ட்ஸ்லயும் டெனான்லயும் அந்தத் தொல்லை இல்ல.

யமஹாவுக்கும் ஒரு ஓட்டு உண்டு, சிப்புக்காக இல்ல. அதுல லவுட்னெஸுக்கு தனி குமிழ் இருக்கு, வெறும் ஆன் ஆஃப் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா திருப்பலாம். சத்தம் கம்மியா வெச்சா காதுக்கு பேஸ் முதல்ல மறைஞ்சு போகும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து காட்டினது. ராத்திரி ஹவுஸ் ஓனருக்கு பயந்து கேக்கற ஆளுக்கு அந்தக் குமிழ் குடுக்கற வித்தியாசம் எந்த டிஏசி சிப்பும் குடுக்காது.

சிராங்கூன்_சவுண்ட்:

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். விம் ஆம்ப்ப யாரும் பெருசா பேசலையே. ஒரு வருஷத்துக்கு மேல வீட்ல ஓடுது. டிவிக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியோட சத்தத்த எச்டிஎம்ஐ வயர்லயே ஆம்ப்புக்கு அனுப்பற வசதி). டிவி ரிமோட்லயே சத்தம் ஏறும் இறங்கும், டிவிய போட்டா ஆம்ப்பும் தானா எழுந்துக்கும். எங்க அம்மா எழுபது தாண்டினவங்க, அவங்களே ஓட்டறாங்க. ஆப்டிக்கல்ல பெரும்பாலான டிவி சத்த அளவ ஒரே லெவல்ல அனுப்பும், ஆம்ப்போட ரிமோட்ட தனியா தேடணும். உங்க வீட்ல உத்தரவு போடறவங்களுக்கு இது பெரிய விஷயம், ஏசி ரிமோட் எங்கன்னே தேடற வீடு எத்தனை இருக்கு. நெட்டும் உள்ளயே இருக்கறதால போன்ல இருந்து காஸ்ட் பண்ணிக்கலாம், லேப்டாப் தொறக்கவே வேணாம்.

ஆனா டர்ன்டேபிள் ஆசை இருக்குன்னீங்க. இதுல ஃபோனோ இன்புட் இல்ல, தனியா ப்ரீஆம்ப் வாங்கணும். அதோட லைன் இன்புட்ல வர்ற அனலாக்க உள்ள டிஜிட்டலா மாத்தித்தான் மறுபடி வெளிய விடும். எனக்கு கவல இல்ல, ரெக்கார்ட் கேக்கறவங்க சில பேரு மூஞ்ச சுளிப்பாங்க. மத்த மூணுலயும் எம்எம் (மூவிங் மேக்னட் வகை ஊசிக்கான) ஃபோனோ இருக்கு.

இங்க அடெல்ஃபி பில்டிங்ல ஹைஃபை கடைங்க நிறைய, ஊருக்கு வர்றப்போ ஆம்ப் வாங்கிட்டு வான்னு கேக்காத சொந்தக்காரங்க இல்ல. இங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் சதுரக்கால் மூணு. ஓடும். வாரண்டி ஊருக்கு வராது, அத முதல்லயே தெரிஞ்சுக்கங்க. அமெரிக்கால இருந்து மச்சான் வாங்கிட்டு வர்றாருன்னா அங்க 120 வோல்ட், ஜப்பான்ல 100, நேரா நம்ம பிளக்ல சொருகினா முடிஞ்சுது கதை.

ரிச்சி_தெரு_ரிப்பேர்:

அந்த 120 வோல்ட் கதை எங்கிட்ட வாரம் ஒண்ணு வருது. ஃப்யூஸ் போனதோட நின்னா குலசாமி புண்ணியம், சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரே தீஞ்ச வாடையோட வரும். ஸ்டெப் டவுன் போட்டு ஓட்டலாம், ஆனா அந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு மூலைல முனகிட்டே இருக்கும்.

தம்பி, எச்டிஎம்ஐ சௌகரியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இடி மின்னல் நேரத்துல கேபிள் டிவி வயர் வழியா வர்ற அடி டிவிய தாண்டி எச்டிஎம்ஐ வழியா ஆம்ப் வரைக்கும் வரும். அந்த ஓட்டை செத்துப் போன ரிசீவர் எத்தனையோ பாத்தாச்சு. ஆப்டிக்கல்ல கம்பி இல்லாததால அடி டிவியோட நின்னுரும். மழை வந்தா பிளக்க புடுங்குங்க, எது வாங்கினாலும்.

பல்லிக்கு: மேல ஓட்டைய துணி போட்டு மூடிறாதீங்க. ஆம்ப்ப சுவத்த விட்டு நாலு விரக்கடை தள்ளி, நடு பலகைல, லைட்டுக்கு தூரமா வைங்க. லைட்டுக்கு பூச்சி, பூச்சிக்கு பல்லி.

தனித்தனி_கட்சி:

மறுபடியும் சொல்றேன், செகண்ட் ஹேண்ட்ல நல்ல கிளாஸ் ஏபி ஆம்ப்ப பாதி விலைக்கு எடுத்துட்டு மிச்சத்துக்கு டிஏசி எடுங்க. ஸ்பீக்கர செகண்ட் ஹேண்ட்ல எடுத்த ஆளுக்கு ஆம்ப்ல என்ன பயம்? வால்யூம் குமிழ திருப்புறப்போ கரகரக்குதா, அரைமணி நேரம் ஓடினப்பறம் ரெண்டு சேனலும் ஒரே அளவு சூடா இருக்கா, ரெண்டும் பாத்தா போதும்.

டெசிபல்_தேவி:

அவரு வீட்ல ஏற்கனவே லெஃப்ட் சேனல் விட்டு விட்டு வர்ற ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு எதுக்கு :)

வைகை_வால்யூம்:

எல்லாருக்கும் நன்றி. சிப்ப மறந்துட்டேன், இப்ப பின்னாடி இருக்கற ஓட்டைங்கள எண்ணிட்டு இருக்கேன்.

டர்ன்டேபிள் ஆசைய விட மனசில்ல, அதனால விம் போச்சு. மராண்ட்ஸ்லயும் யமஹாலயும் உள்ள ப்ளூடூத் இல்ல, அக்கா பொண்ணு வந்தா போன்லதான் பாட்டு போடுவா, ஆனா யமஹால அந்த லவுட்னெஸ் குமிழாவது இருக்கு. மிச்சம் டெனானும் யமஹாவும். தேவி மேடம் சொன்ன லவுட்னெஸ் குமிழ் ஒரு பக்கம் இழுக்குது, ரெண்டு ஆப்டிக்கல் இன்னொரு பக்கம். சனிக்கிழமை கடைல ரெண்டையும் ராத்திரி வெக்கற சத்தத்துலயே, சின்னதா வெச்சு கேட்டுப் பாக்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்டுக்காக டிவில இருந்து பழைய ரிசீவருக்கு ஆப்டிக்கல் போட்டுப் பாத்தேன். சேனல் நல்லா வருது. நண்பன்கிட்ட இருக்கற டிஏசி வெச்ச ஸ்டீரியோ ஆம்ப்ல அதே கேபிள மாட்டினா ஓடிடி படத்துக்கு மட்டும் சத்தமே இல்ல. ஒரு தடவ டர்ர்ர்னு இரைச்சல் வேற. கேபிள் போச்சா?

டெசிபல்_தேவி:

கேபிள் நல்லா இருக்கு. ஓடிடி படம் டால்பில வருது, உங்க டிவி அத அப்படியே ஆப்டிக்கல்ல தள்ளி விடுது. ஹோம் தியேட்டர் ரிசீவர் டால்பிய பிரிச்சுக்கும், ஸ்டீரியோ ஆம்ப்ல இருக்கற டிஏசிக்கு பிசிஎம் (சுருக்காத சாதா டிஜிட்டல் ஆடியோ) மட்டும்தான் புரியும். டெனான், யமஹா எது வாங்கினாலும் இதேதான் நடக்கும், வாங்கின அன்னைக்கே ஆம்ப் கெட்டுப் போச்சுன்னு கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க. டிவில செட்டிங்ஸ், சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட் ஃபார்மேட்னு ஒண்ணு இருக்கும், ஆட்டோன்னு இருக்கறத பிசிஎம்னு மாத்துங்க. ஸ்டிக் ஏதாவது மாட்டியிருந்தா அதோட ஆடியோ செட்டிங்லயும் போய் டால்பிய அணைச்சிருங்க. இத்தனையும் பண்ணி மொத்தமா எல்லாத்துலயுமே சத்தம் வரலன்னா மட்டும் கேபிளோட ரெண்டு முனையயும் பாருங்க, தூசி படாம இருக்க ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி போட்டுத்தான் விப்பாங்க, கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது, அத கழட்டாம சொருகறவங்க நிறைய பேரு.

வைகை_வால்யூம்:

பிசிஎம் போட்டதும் வந்துருச்சு மேடம். சனிக்கிழமை கேட்டுட்டு வந்து எழுதறேன்.